விழுந்தால் போகும் செய்தி

காக்ஸ் டவுன், பெங்களூரு
3.11.2025

அன்புள்ள மித்ரா,

போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை உன்னைப் பதற வைத்ததற்கு மன்னித்துவிடு.

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் விழுந்தால் கேமரா கண்டுபிடித்துச் சொந்தக்காரர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதைச் செய்யும் கம்ப்யூட்டர் மாடலை வீடியோ காட்டிப் பழக்குவதுதான் இப்போது என் டீப் லேர்னிங் வேலை. பழக்க வீடியோ வேண்டும். விழுந்து காட்டுங்கள் என்று யாரைக் கேட்பது? ஹாலில் மெத்தையைப் போட்டு நானே விழுகிறேன். பெண்கள் விழும் வீடியோ போதவில்லை என்று நீ விட்டுப்போன நைட்டியை மாட்டிக்கொண்டும் விழுந்தேன். மடிக்காத துணி என்று நினைத்துவிட்டது மாடல். சிரிக்காதே.

விழுந்ததும் செய்தி போக ஒரு நம்பர் கேட்டது அந்த மாடல். யோசிக்காமல் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
கார்த்திகேசன்

ராபர்ட்சன்பேட்டை, தங்கவயல்
10.11.2025

அன்புள்ள கார்த்தி,

நைட்டிக்குச் சிரித்தேன். மற்றதற்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பில் இருந்தேன். ‘கார்த்திகேசன் விழுந்துவிட்டார், எழுந்திருக்கவில்லை’ என்று வந்தது. பிள்ளைகளை ஜெயலக்ஷ்மி டீச்சரிடம் விட்டுவிட்டு ரயிலேறினேன். பங்காருபேட்டை தாண்டின பிறகுதான் போனை எடுத்தீர்கள். “டெஸ்ட்டும்மா, ஒண்ணும் இல்ல” என்றீர்கள். மாலூரில் இறங்கி உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லையே என்று அழுதேன். ஒன்றுமில்லாததற்கு இப்படி ஓடிவந்தேனே என்றும் அழுதேன்.

கூட இருந்த வருஷங்களில் நான் இருக்கிறேனா இல்லையா என்று நீங்கள் ஸ்கிரீனை விட்டு நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது மட்டும் என் நம்பர் எதற்கு? எடுத்துவிடுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

மித்ரா

காக்ஸ் டவுன்
17.11.2025

அன்புள்ள மித்ரா,

எடுத்துவிட்டேன். வேறு யார் நம்பரைப் போடுவது என்று போன் முழுக்கத் தேடினேன். ஆபீஸ் ஹரிஷைத் தவிர யாரும் தோன்றவில்லை. அவனைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் என் நம்பரையே போட்டேன்.

இன்று விழுந்ததும் என் சட்டைப் பையிலேயே போன் மணி அடித்தது. ‘கார்த்திகேசன் விழுந்துவிட்டார், உடனே போய்ப் பாருங்கள்.’ படுத்தபடியே படித்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை.

நீ ரயிலேறினாய் என்பதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நிமிர்ந்து பார்க்காதது என் தப்புதான். இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வந்துவிடு.

கார்த்தி

ராபர்ட்சன்பேட்டை
26.11.2025

அன்புள்ள கார்த்தி,

வரமாட்டேன். கோபமில்லை. இங்கே நிம்மதியாகத் தூக்கம் வருகிறது, அதை விட மனசில்லை.

என் நம்பரையே திரும்பப் போட்டுவிடுங்கள். டெஸ்ட் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நிஜமாக விழுந்தால் கட்டாயம் வருவேன்.

விழாமல் இருங்கள்.

மித்ரா