வரைவுப் பெட்டியில் வேறொரு கை

ஆகஸ்ட் 3

அன்புள்ள உங்களுக்கு,

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்கப் போவதில்லை, விடுதியிலிருந்து மகள் எல்லாம் சொல்லிவிட்டாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறதாம். நீங்கள் அதன் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, சரிசெய்தாகிவிட்டது என்று அவளிடம் அறிவித்தீர்களாம்.

நாம் போனில் பேசக்கூடாது என்று அவள் போட்ட சட்டத்தை நான் இன்னும் மீறவில்லை. மெயிலும் கூடாது என்றாள். கோபம் வந்தால் நீங்கள் உடனே பதில் அனுப்புவீர்கள், நான் அதைவிட உடனே. "எழுதித் தபால்ல போடுங்க. எழுதுறப்போ யாரும் குறுக்கே பேச முடியாது" என்றாள். பெற்றவர்களைப் பிள்ளைகள் இப்படி நடத்தலாமா என்பது வேறு விஷயம். நான் இங்கே வேலைக்கு வந்த பிறகு நாம் சண்டை போடாமல் கழிந்த மாதங்கள் அவளுடைய சட்டம் வந்த பிறகு கழிந்தவைதான்.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். ஆய்வு நிலையத்தில் எல்லோருக்கும் புதிய மெயில் முகவரி கொடுத்திருக்கிறார்கள். பிரௌசரில் திறந்து பார்க்கும் வழியைப் பாதுகாப்பு கருதி மூடிவிட்டார்கள். அவரவர் அறைக் கணினியில் உள்ள மெயில் புரோகிராமில் அவரவரே அமைத்துக்கொள்ள வேண்டுமாம். எப்படி அமைப்பது என்ற குறிப்பை அந்தப் புதிய முகவரிக்கே அனுப்பி வைத்திருக்கிறார்கள். கணினிப் பிரிவுக்காரரிடம் போய் நின்றேன். மெயில் வேலை செய்யவில்லை என்பதை மெயிலில் தெரிவித்தால்தான் புகாராகப் பதிவு செய்ய முடியும் என்றார். சிரிக்காமல் சொன்னார்.

இதில் அவசரம் இருக்கிறது. என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க இயக்குநர் தயாராக இருக்கிறார். விருப்பமா இல்லையா என்று மாத இறுதிக்குள் நான் சொல்ல வேண்டும், அதையும் நிலைய முகவரியிலிருந்துதான் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு ஆளைப் போடுவார்கள்.

ஒப்பந்தம் பற்றி உங்களுக்குக் கருத்து ஏதாவது இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் மெயிலைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா

ஆகஸ்ட் 7

அன்புள்ள வண்டு டாக்டருக்கு,

குழாய் ஒழுகவில்லை, சொட்டுகிறது. வண்டின் காலில் இருக்கும் முடியைப் பார்த்து அது எந்த இனம் என்று சொல்கிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

மெயிலுக்கு வருகிறேன். வங்கியின் சர்வர்களை இருபத்தைந்து வருடம் கட்டி மேய்த்தவனிடம் கேட்டிருக்கிறாய், கவலையை விடு. ஒவ்வொன்றாகச் செய்வோம். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொன்னால் குழம்பிவிடுவாய்.

முதலில் கணக்கு எந்த வகை என்று கேட்கும். பாப், ஐமேப் என்று இரண்டு இருக்கும். பாப் என்றால், தபால்காரர் கடிதத்தை வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவது மாதிரி. வாங்கியவரிடம் மட்டும்தான் இருக்கும். ஐமேப் என்றால் எல்லாம் சர்வரிலேயே இருக்கும். எத்தனை கணினியில் திறந்தாலும் ஒரே பெட்டிதான் தெரியும். நீ பாதி எழுதி வைத்த வரைவுகூடத் தெரியும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நீ ஐமேப்பைத் தேர்ந்தெடு. இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு போதும்.

பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் எழுதி அனுப்பாதே. எனக்கும்தான்.

ஒப்பந்தம் பற்றி எனக்குக் கருத்து இல்லை. உன் வேலை, உன் முடிவு. போன தடவை நான் கருத்துச் சொல்லி என்ன ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா

ஆகஸ்ட் 11

அன்புள்ள உங்களுக்கு,

ஐமேப்பைத் தேர்ந்தெடுத்தேன். நான் குழம்பவில்லை. ஆனால் அடுத்த திரையில் யூசர்நேம், வரும் மெயிலுக்கு ஒரு சர்வர், போகும் மெயிலுக்கு இன்னொரு சர்வர், இரண்டுக்கும் போர்ட் எண் என்று வரிசையாகக் கேட்கிறது. கடிதம் வந்து சேர நான்கு நாள் காத்திருந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தியவள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

சர்வர் பெயர்களைக் கணினிப் பிரிவுக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். கீழே எழுதியிருக்கிறேன். போர்ட் எண்ணைக் கேட்டதற்கு, அது குறிப்பில் இருக்கிறது என்றார். குறிப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

யூசர்நேம் என்று என் பெயரைப் போட்டேன், ஏற்கவில்லை. என் பட்டத்தோடு சேர்த்துப் போட்டேன், அதற்கும் மதிப்பில்லை.

பாஸ்வேர்டைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதாதே என்றது நினைவிருக்கிறது. ஆனால் நான் தப்பாக அடிக்கிறேனா, அதுவே தப்பா என்று நீங்கள் பார்த்துச் சொல்வது நல்லது. உங்களிடம் மறைக்க என்னிடம் இருப்பவை வண்டுகள் மட்டும்தான்.

பத்து நாள் விடுப்பில் வந்தபோது நான் வைத்த செடிகள் எப்படி இருக்கின்றன?

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா

ஆகஸ்ட் 14

அன்புள்ள வண்டு டாக்டருக்கு,

பாஸ்வேர்டை எழுதாதே என்று சொன்னால், நன்றாகத் தெரியும்படி கட்டம் கட்டி எழுதி அனுப்பியிருக்கிறாய். என் வேலைக்காலம் முழுக்க வங்கிக் கிளை மேனேஜர்களிடம் இதற்காகத்தான் கத்தினேன். அவர்களாவது மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள்.

யூசர்நேமுக்கு முழு மெயில் முகவரியையும் போட வேண்டும், நிலையத்தின் பெயர் வரும் பின்பாதி உட்பட. பட்டமெல்லாம் சர்வருக்குத் தேவையில்லை. வரும் மெயிலுக்குப் போர்ட் 993. போகும் மெயிலுக்கு 578. போட்டுவிட்டு எழுது.

செடிகள் நன்றாக இருக்கின்றன. ஒன்று மட்டும் போய்விட்டது. எது என்று கேட்காதே.

குழாய்க்கு அடியில் இப்போது பெரிய பாத்திரம் வைத்திருக்கிறேன். சத்தம் கொஞ்சம் அதிகம். ஆனால் அது இல்லாவிட்டால் வீட்டில் வேறு சத்தமே கிடையாது. வீடு அமைதியாக இருப்பது நல்லதுதான் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா

ஆகஸ்ட் 18

அன்புள்ள உங்களுக்கு,

மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. இயக்குநருக்கு ஒரு வரி எழுதி அனுப்பிப் பார்த்தேன். "போகும் சர்வர் மௌனமாக இருக்கிறது" என்று ஒரு பிழைச் செய்தி வந்தது. இதற்கு என்ன செய்வது?

பக்கத்து அறையில் சிலந்திகளை ஆராய்கிற ஒருவர் இருக்கிறார். உங்கள் கடிதம் வரும் நாளெல்லாம் நான் கணினி முன் உட்காருவதைப் பார்த்துவிட்டு இன்று வந்து கேட்டார். "பத்து நிமிஷ வேலைங்க அது. உங்க வீட்டுக்காரர் ஏன் தவணை முறையில சொல்லித் தர்றாரு?" நான் செய்து தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று நானே பிறகு யோசித்துப் பார்த்தேன்.

இதை எழுதத் தொடங்கியபோது மெயிலைப் பற்றி மட்டும் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் குறுக்கே பேச நீங்கள் இங்கே இல்லாததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை கிடைத்தபோது உங்களையும் என்னோடு வரச் சொன்னேன். நீங்கள் அப்போதுதான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தீர்கள். "உன் பின்னாடி பெட்டி தூக்கிட்டு வர நான் என்ன கூலியா?" என்று கேட்டீர்கள். அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். நீங்களும் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் அது உங்கள் காதில் விழவில்லை. நான் சொன்னது இதுதான்: "பெட்டியை நானே தூக்கிக்கிறேன். நீங்க கையை வீசிட்டு வாங்க."

மாதம் முடியப் போகிறது. சர்வரின் மௌனத்துக்கு மருந்து எழுதுங்கள். மற்ற மௌனத்துக்கு நான் அவசரப்படுத்தவில்லை.

இப்படிக்கு,
மகளின் அம்மா

ஆகஸ்ட் 22

அன்புள்ள உனக்கு,

நான்கு விஷயம்.

என் வாழ்நாளில் பாதியைப் பிழைச் செய்திகளோடு கழித்தவன் நான். சர்வர் மறுக்கும், துண்டிக்கும், காலம் கடந்துவிட்டது என்று கைவிரிக்கும். மௌனமாக இருக்கிறது என்று எந்தப் புரோகிராமும் சொல்லாது. மனிதர்கள்தான் சொல்வார்கள்.

பெட்டியைப் பற்றி நீ சொன்னது எனக்கு இப்போதுதான் கேட்டது.

உன் மெயிலில் வரைவுப் பெட்டி என்று ஒன்று இருக்கும். திறந்து பார். பார்த்துவிட்டுத் திட்டுவதாக இருந்தால் நிதானமாகத் திட்டு.

செத்துப்போனது வாசல் பக்கத்துச் செடி. தண்ணீர் ஊற்றாமல் இல்லை. அதிகமாக ஊற்றிவிட்டேன்.

உன்,
நான்

ஆகஸ்ட் 26

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. வரைவுப் பெட்டியை நான் வெள்ளிக்கிழமையே திறந்துவிட்டேன். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இடையில் சிரிக்காமல் படியுங்கள்.

வரைவுப் பெட்டியில் நான் இரண்டு மெயில் எழுதி வைத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றில் விருப்பம், இன்னொன்றில் விருப்பமில்லை. தினமும் காலையில் இரண்டையும் படித்துவிட்டு மூடிவிட்டு வண்டுகளிடம் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை திறந்தால், விருப்பம் என்ற வரைவில் 'குடியிருப்பு: ஒரு நபருக்கு' என்று நான் எழுதியிருந்த இடத்தில் 'இரு நபருக்கு' என்று இருந்தது. அதன் கீழே இன்னொரு வரியும் முளைத்திருந்தது. 'தரைத்தளமாக இருந்தால் நல்லது, ஒருவருக்கு முழங்கால் வலி.'

நான் சந்தேகப் பிராணி. யாரோ என் கணக்கில் புகுந்துவிட்டார்கள் என்று நேராகக் கணினிப் பிரிவுக்குப் போனேன். அவர் வழக்கம்போல் மெயிலில் புகார் அனுப்பச் சொன்னார். கோபத்தோடு அறைக்கு வந்தேன், நீளமாகப் புகார் எழுதினேன், அனுப்பினேன். அது போயிற்று. போகும் சர்வர் மௌனமாக இருக்கிறது என்று நான் உங்களுக்கு எழுதிய அதே கணக்கிலிருந்து. போன பிறகுதான் என் கையை நானே பார்த்தேன். சிலந்திக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சரியாயிடுச்சு போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணினிப் பிரிவுக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக உடனே பதில் போட்டார். யாரோ வெளியிலிருந்து நுழைந்திருப்பதாகவும், நுழைந்த இடம் பணியாளர் பதிவில் உள்ள என் வீட்டு முகவரி இருக்கும் ஊர் என்றும் கண்டுபிடித்திருந்தார். பிறகு நேரிலேயே வந்துவிட்டார். "மேலிடத்துக்குச் சொல்லிடலாங்களா மேடம்?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"வேண்டாம். தெரிஞ்சவர்தான்" என்றேன்.

"எவ்வளவு தெரிஞ்சவருங்க?"

"முழங்கால் வலி வரைக்கும் தெரியும்."

மனிதர் முதல் முறையாகச் சிரித்தார். பிரௌசர் கதவை அவ்வளவு பத்திரமாகப் பூட்டியவர்கள் இந்தப் பின்வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்களே என்று கேட்டேன். அதை மெயிலில் தெரிவிக்கச் சொன்னார்.

இனி என் கணக்கு. நம் கல்யாண நாளை நீங்கள் வருடம் தவறாமல் மறப்பீர்கள். ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மெயில் போகவில்லை என்று ஏதாவது ஒரு கிளையிலிருந்து போன் வரும், நீங்கள் வாயில் சோற்றோடு "ஐந்நூத்தி எண்பத்தேழு" என்று சொல்வீர்கள். நம் மகள் நூறு வரை எண்ணப் பழகும் முன்பே அந்த எண்ணைச் சொன்னாள். நீங்கள் 578 என்று எழுதியதைப் பார்த்ததும் கை தவறி எழுதியிருப்பீர்கள் என்று நான் ஒரு கணம்கூட நம்பவில்லை. கடிதம் வந்த அன்றே 587 என்று மாற்றினேன். அன்றிலிருந்து எல்லாம் வேலை செய்கிறது. நான் பதில் அனுப்புவதைத் தள்ளிப்போட நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள். அதே காரியத்துக்காக நானும் ஒன்று சொன்னேன். உங்களுடையது தொழில் தெரிந்தவரின் பொய். என்னுடையது அவ்வளவு தரமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அனுமதி இல்லாமல் என் பெட்டியைத் திறந்ததற்குத் திட்ட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். விருப்பமில்லை என்ற வரைவை நீங்கள் தொடவே இல்லை. அழித்திருக்கலாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். நீங்கள் வரத் தயார் என்று மட்டும் எழுதிவிட்டு, மற்றதை என் கையில் விட்டுவிட்டீர்கள். நாம் இத்தனை வருடம் சேர்ந்து இருந்ததில் எனக்கு நீங்கள் இவ்வளவு இடைவெளி விட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.

அதனால் அதை நானே அழித்தேன், இன்று மதியம், உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும். இந்நேரம் நம் வீட்டுக் கூடத்துக் கணினியிலிருந்தும் அது போயிருக்கும். மற்ற வரைவை இயக்குநருக்கு அனுப்பிவிட்டேன். ஆக, இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரும்போது எல்லாமே பழைய செய்தியாக இருக்கும். நீங்கள் தினமும் என் பெட்டியைத் திறந்து பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாஸ்வேர்டை நாளை மாற்றிவிடுவேன். புதியது பின்பக்கத்தில் இல்லை, தேட வேண்டாம்.

தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். ஜன்னல்கள் பெரியவை, சமையலறைக் குழாய் சொட்டுகிறது. அடியில் வைக்கும் பாத்திரத்தை நீங்களே கொண்டுவந்துவிடுங்கள். பெட்டியையும் நீங்களே தூக்கி வர வேண்டும். கையை வீசிக்கொண்டு வாருங்கள் என்று சொன்ன காலத்தில் என் முதுகு நன்றாக இருந்தது.

மகளிடம் அவள் சட்டம் இன்றோடு முடிந்தது என்று சொல்லிவிட்டேன். "பார்த்து நடந்துக்கோங்க" என்றாள்.

நான்கு நாளில் இந்தக் கடிதம் கிடைத்துவிடும், அன்று சாயங்காலம் போன் செய்கிறேன். மணி அடித்தால் எடுங்கள். நீங்கள் பேச ஆரம்பியுங்கள், நான் குறுக்கே பேசுகிறேன்.

உங்கள்,
வண்டு டாக்டர்