இரண்டாம் தடவை கேட்டால்

குவைத்
14.01.2024

அன்புள்ள ஷெரின் அப்பாவுக்கு,

மெரினா எழுதுகிறேன். இங்கே நான் ஏதோ இருக்கிறேன். நீங்களும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இந்த விஷயத்தை வெள்ளிக்கிழமை போனில் பேச முடியவில்லை. கிடைக்கிற பத்து நிமிஷத்தில் ஒன்பதைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்துக்குள் மேடம் போனைக் கேட்டுக் கையை நீட்டிவிடுகிறாள். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஸபியா, நம் ஊர்ப் பக்கத்து எஹலியகொடக்காரி, தபாலில் போட்டுத் தருகிறாள். பதிலையும் அவள் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள்.

மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மேடம் கேட்கிறாள். அவளுடைய அம்மா படுத்த படுக்கை. அந்தக் கிழவியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போய்விட்டது. போன வாரம் குளியலறையில் அவளைப் பிடித்தபடி நிமிர முடியாமல் நின்றுவிட்டேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறதுங்க. வந்துவிடட்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்.

சின்னவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடுங்கள். அவள் தானாக வைக்க மாட்டாள்.

உங்கள்
மெரினா


கீழ்ப்பிரிவு லயம், கஹவத்தை
06.02.2024

அன்புள்ள மெரினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எண்ணெய் வைத்துவிட்டேன். அவள் என் சட்டையில் துடைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

இங்கே ரப்பர் இலை கொட்டுகிற காலம். பால் குறைவு. தேயிலை மலைக்கு ஆள் பற்றவில்லை என்று தோட்டத்துத் துரை என்னைத்தான் பிடித்துக் கத்துகிறார். இந்த நேரம் பார்த்துத்தான் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லாருக்கும் லீவு வேண்டியிருக்கிறது. நேற்று அழகமுத்து வந்து நின்றான். "கங்காணி ஐயா, நாளைக்கு வேலைக்கு வரமாட்டேனுங்க." "முடியாது, போய் மலையில நில்லு" என்றேன். போனான். அரை மணி கழித்துத் திரும்பி வந்தான், பெண்சாதியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். "அத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?" என்று விட்டுவிட்டேன். பதினாறு வருஷக் கங்காணி வேலையில் நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். முதல் தடவை இல்லை என்று சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே தேவைப்பட்டவர்கள் இரண்டாம் தடவை வருவார்கள். மற்றவர்கள் அப்படியே போய்விடுவார்கள்.

நீ கேட்டதைப் பற்றி. ஷெரினுக்கு அடுத்த வருஷம் ஏ.எல். உயர்தரப் பரீட்சை. இப்போது நீ வருவது சரிப்படாது. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்
ஜெறோம்


குவைத்
09.03.2024

அன்புள்ள ஷெரின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸபியா ரொட்டிப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். நீங்கள் சொன்னபடியே போன திங்கட்கிழமை இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேடத்துக்குச் சந்தோஷம். எனக்கு ஒரு புதுப் போர்வை தந்தாள்.

"இன்னொருக்கா எழுதிப் பாருங்க அக்கா" என்று ஸபியா சொல்லத்தான் செய்தாள். எனக்கு அது வரவில்லை. இங்கே வந்த முதல் வருஷம் யேசு பிறந்த நத்தார்ப் பூசைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். மேடம் "லா" என்றாள். அரபியில் இல்லை என்று அர்த்தம். மறுபடி கேட்டதற்கு இரண்டு வாரம் போனைத் தரவில்லை. அதிலிருந்து எதையும் ஒரு தடவைதான் கேட்பது. கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் வேலையைப் பார்ப்பது. இப்போது அது கைப்பழக்கம் மாதிரி ஆகிவிட்டது, யோசிக்க வேண்டியதில்லை.

ஷெரினை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
மெரினா


கீழ்ப்பிரிவு லயம், கஹவத்தை
28.03.2024

அன்புள்ள மெரினா,

இன்று பெரிய வியாழன். பிள்ளைகள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் போக மனம் வரவில்லை.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. தபால்காரர் கையில் பார்த்தவுடனேயே, பிரிக்காமலேயே, "அம்மா வரப்போறாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சின்னவள் லயத்தில் வீடு வீடாக ஓடிச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பிரித்தேன்.

நீ மறுபடி கேட்பாய் என்று காத்திருந்தேன் மெரினா. கேட்டதும் வா என்று எழுத வேண்டும் என்று முடிவாகவே இருந்தேன். உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு வர வேன்காரன் இன்ஷாப்பிடமும் சொல்லிவைத்திருந்தேன். நேற்று அவன் கடைத்தெருவில் நிறுத்தி, "கவதாத யன்னே, எப்பண்ணே போறோம்?" என்று சிங்களமும் தமிழுமாய்க் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

ஷெரினின் பரீட்சை ஒரு சாக்குத்தான். நீ கேட்ட உடனே என் கை தானாக இல்லை என்று எழுதிவிட்டது. வீடு எது, பெரட்டுக்களம் எது என்று தெரியாத மடையனாகிவிட்டேன்.

இன்று காலை நம் லயத்தில் கொழுந்து எடுக்கிற சின்னம்மா லீவு கேட்டாள். கேட்டவுடன் "சரி, போ" என்றேன். அவள் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். "என்ன?" என்றேன். "இல்லைங்க, நெசமாவே போகவா?" என்றாள். என் தலையைக் கொண்டுபோய் எதிலாவது முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேடத்திடம் சொல்லிப் பார்க்க முடியாதா? புருஷனுக்குச் சுகமில்லை என்று சொல். நான் கூப்பிடுகிறேன், வந்துவிடு. நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு முடியவில்லை.

ஜெறோம்


குவைத்
21.04.2024

அன்புள்ள ஷெரின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழவி தூங்குகிறாள். அவள் எழும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

மேடத்திடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். பாஸ்போர்ட் அவளிடம் இருக்கிறது, கையெழுத்து கடதாசியில் இருக்கிறது. உங்களுக்குச் சுகமில்லை என்று பொய் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, பலித்துவிட்டால் என்ன செய்வது?

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். நீங்கள் சுண்ணாம்பு அடித்ததைப் படித்தபோது இன்னும் கூடிவிட்டது. சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லையே.

ஒன்று சொல்கிறேன். போன ஆகஸ்ட்டிலேயே உங்களிடம் கேட்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். எழுதினேன், கிழித்தேன். பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், லயத்தில் என்ன பேசுவார்கள், நீங்கள் மனம் நோவீர்களா என்று நினைத்து நினைத்து நாலு கடிதம் கிழித்தேன். ஸபியாவைக் கேட்டுப் பாருங்கள், அவளுடைய எழுதுகிற கொப்பி முழுக்க என்னால்தான் தீர்ந்தது. உங்களுக்கு வந்தது முதல் கடிதம்தான். எனக்கு அது ஐந்தாவது.

நீங்கள் கங்காணியாக இருங்கள், எனக்கு அதில் ஒன்றுமில்லை. சின்னம்மாவுக்கு இனிமேல் முதல் தடவையே லீவு கொடுங்கள், பாவம்.

இரண்டு வருஷம் போகட்டும். அப்போது வரட்டுமா என்று கேட்டு எழுத மாட்டேன். பிளேன் வருகிற நாளை மட்டும் எழுதுவேன். இன்ஷாப்பின் வேன் வந்தால் ஏறுகிறேன், வராவிட்டால் பஸ் இருக்கிறது.

சின்னவள் தலைக்கு எண்ணெய் வையுங்கள்.

மெரினா