வரப்போரத்துப் பச்சை

மாசி 3, ஞாயிறு

காலையில் பனி. எட்டு மணிக்கும் வரப்பில் ஈரம். போலகத்து வயலில் உளுந்து மறுபடி மஞ்சள். சாண் உயரம்கூட இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் சேகரின் வயல், கருகருவென்று. ஒரே விதை. நெல் அறுக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரே நாளில் இரண்டு வயலிலும் தெளித்தது. அப்புறம் எப்படி?

சந்தேகம்:
1. விதையோடு வடிகஞ்சியில் கலந்த நுண்ணுயிர்ப் பாக்கெட் காலாவதி. (கவரைத் தேட.)
2. தண்ணீர்.
3. சேகர்.

மூன்றாவதுக்குத்தான் காரணம் இருக்கிறது. இந்தத் தடவையும் விளையாவிட்டால் நிலத்தைத் தம்பியிடமே குத்தகைக்கு விடலாம் என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்டு நான் என்ன செய்வது, சீரியலா பார்ப்பது? கல்யாணமாகி வந்ததிலிருந்து விடிந்தால் இந்த வயலில்தான் நிற்கிறேன். விட மாட்டேன்.

வாங்க: துணி சோப், கொசுவத்தி, புளி.

மாசி 4, திங்கள்

கவர் கிடைத்தது. காலாவதி ஆகவில்லை. சே.

மண் பரிசோதனை அட்டை வாங்க வேளாண் ஆபீஸ். அமில நிலம் என்று எழுதியிருக்கிறது. சிரிப்புதான் வந்தது. கூப்பிடு தூரத்தில் கடல், கைபம்புத் தண்ணீரில் பொங்கினால் உப்பே போட வேண்டாம், இந்த மண் புளிப்பாம்! ஊரே உவர் மண்ணுக்கு ஜிப்சம் போடுகிறது. போன வருஷம் நானும் போட்டேன்.

"மேடம், மண்ணுப் பை எதும் மாறிப்போச்சுங்களா? நான் ஜிப்சம்ல போட்டேன்?"

"மாறலம்மா. ஜிப்சம் உப்பு மண்ணுக்குத்தான். இதுக்குச் சுண்ணாம்புத்தூள் போடணும். புளிச்ச மண்ணுல உளுந்து வேர்ல முடிச்சு வைக்காது, பயிரு மஞ்சளடிச்சிரும். வெளியேருந்து மண்ணு எதும் அடிச்சீங்களா?"

"இல்லீங்க" என்றேன். வண்டல் அடித்தேன்தான். வண்டல் நல்ல மண்ணாயிற்றே, அதை ஏன் சொல்ல வேண்டும்?

சுண்ணாம்பு. புரட்டாசியில் சேகரும் இதையேதான் சொன்னான். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

புளி மறந்துவிட்டது.

மாசி 5, செவ்வாய்

இவர் வந்தார். திருநள்ளாறு லாட்ஜ் வேலையில் சனி, ஞாயிறு மூச்சுவிட முடியாது, செவ்வாய்தான் லீவு. புரட்டாசி விஷயத்தை மறுபடி எடுத்தேன். உழவுக்கு முன்னால் சேகர் வெள்ளைத்தூளை விசிறினான், என் பக்கமும் விழுந்தது. மண்ணைக் கெடுக்கத்தான்.

"ஒனக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம் மல்லிகா. நான் சாப்ட்டேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்ட."

சாப்பிடவில்லைதான். தட்டு வைத்ததும் நாலு தோசை போயிற்று.

நாளைக்கு அந்த வரப்போரத்தைப் போட்டோ எடுக்க. தூள் விழுந்த இடம்தான் ரொம்பக் கெட்டிருக்கும். காட்டுகிறேன்.

மாசி 6, புதன்

என்ன எழுதுவது.

தூள் விழுந்த இடம் பச்சை. என் வயலில் அந்த ஓரம் மட்டும், இரண்டு முழ அகலத்துக்கு, பூவோடு. தூரத்திலிருந்து அதையும் சேகர் வயலோடு சேர்த்தே பார்த்திருக்கிறேன். ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு, நசுக்கினால் உள்ளே ரோஜா நிறம். நடுவயலில் ஒன்றைப் பிடுங்கினேன். மொட்டை வேர்.

வண்டல் வயல் முழுக்க, இந்த ஓரத்திலும்தான்; தூள் விழுந்த இடம் மட்டும் பிழைத்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலோர வடிகாலைத் தூர்வாரினார்கள். கன்னங்கரேல் மண், அழுகின முட்டை வாடை. வாடை அடித்தால்தான் சத்து என்று சொன்னதும் நான்தான். சேகர் அள்ளிவிடப் போகிறானே என்று விடிவதற்குள் டிராக்டரை மடக்கி எல்லாவற்றையும் என் வயலில் கொட்டினேன். அவன் பக்க வரப்போரத்துக்கு ஒரு டிராக்டர் நடைதான் மிச்சம். குளத்து வண்டல் வேறு, கடலோரக் கருஞ்சேறு வேறு என்று யாருக்குத் தெரியும்? காயக் காயப் புளித்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

சேகர் வந்து நின்றான். "என்னண்ணி, போட்டோல்லாம் பலமா இருக்கு?"

"எங்க பக்கம் ஏன்டா போட்ட?"

"காத்துல விழுந்துச்சுன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப வேணும்னுதான் போட்டேன். சொன்னா கேட்டாத்தானே நீங்க."

நல்லவன்தான் போல. இத்தனை நாள் நான்தான்.

மாசி 7, வியாழன்

வெயில். உரக்கடையில் சுண்ணாம்புத்தூள் சொல்லியாயிற்று. அறுப்பு முடிந்ததும் உழவில் போட்டுக் கலக்க.

இவருக்கு போன் போட்டேன். "மண்ணக் கெடுத்தது சேகர் இல்லீங்க. நாந்தான். அந்த வண்டல். சுண்ணாம்பு போட்டா சரியாயிரும். ஒரு வருஷம் விடுங்க எனக்கு."

"இப்ப வந்து சொல்றியே. குத்தகைக்கு அவனுக்குப் புரட்டாசியிலயே சரின்னுட்டேனே."

புரட்டாசி. தூள் விழுந்த மாதம். அவன் என் வயலுக்குப் போடவில்லை. தன் வயலாகப் போகிறதென்று போட்டுப் பார்த்திருக்கிறான்.

நாளைக்கு மூட்டை வருகிறது. இறக்குவது என் வயலில்.