பானையை விட்டவன்

மார்ச் 4
பதினோரு நாளாகக் குடிக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நண்பன் ஓமோடிங் வீட்டு முற்றத்துப் பக்கமே போகவில்லை. நான் ரத்த வாந்தி எடுத்ததும் மருத்துவமனை போனதும் என் மனைவி அசேகெனேவுக்கு மட்டும் தெரியும். வெளியே மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் எவன் பரிதாபமும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 9
மாலை நாலு மணி. கொடுமையான நேரம். ஓமோடிங்கின் மனைவி அகுத்தி கேழ்வரகு பீர்ப் பானையை நடுவில் வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றியிருப்பாள். ஆளுக்கொரு நீளக் குழாயை அதில் விட்டு ஆறு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். இல்லை, ஐந்து பேர். முப்பது வருஷமாக ஊர் வழக்குகளை அங்கேதான் தீர்த்தோம். இப்போது நான் ஆடுகளோடு பேசுகிறேன். குடி இல்லாமல் இருந்துவிடலாம். அவர்கள் இல்லாமல்?

மார்ச் 10
கை நடுக்கம் குறைந்திருக்கிறது. ஆசை குறையவில்லை.

மார்ச் 14
ஓமோடிங் வந்தான். உட்காரவில்லை.
“யோவ் எக்வாரு, நேரா கேக்குறேன். என் பொண்டாட்டி பானையில விஷமா வச்சா?”
“யாருய்யா சொன்னது?”
“யாராவது சொல்லணுமா? முப்பது வருஷம் ஒரே பானையில குடிச்சவன் திடீர்னு வராம போனா ஊரு என்ன நினைக்கும்? மூணு பேரு குழாயத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. அவ அழுதுட்டுக் கெடக்குறா.”
எனக்கு இது தோன்றவே இல்லை. எங்கள் ஜனங்களில் காரணம் சொல்லாமல் பானையை விட்டவன் பானையைச் சந்தேகிக்கிறான் என்றுதானே அர்த்தம். நானே எத்தனை பேரை அப்படிப் பேசியிருக்கிறேன்! ஆனாலும் அவன் கேட்ட தோரணை — “உனக்கெல்லாம் பதில் சொல்லணுமா? போடா” என்றேன்.

மார்ச் 15
“ஒடம்பு சரியில்லன்னு சொன்னா உங்க கிரீடம் எறங்கிடுமா?” என்கிறாள் அசேகெனே.
இறங்கும்தான்.

மார்ச் 17
போனேன். அகுத்தி பேர் கெடக் கூடாது. எல்லோரும் பார்க்க ஒரே ஒரு வாய். அதுதான் திட்டம். ஒரு வாய் எப்படிப் பொழுது சாயும்வரை நீண்டது? “வந்துட்டான்யா நம்ம ஆளு!” என்று, விட்டுப் போனவர்களும் திரும்பி வந்து முதுகில் தட்டினார்கள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாள் ஆயிற்று. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 18
மறுபடி ரத்தம். அசேகெனே வாளியைக் கழுவினாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 21
மறுபடி போனேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்: “அகுத்தி பானையில ஒரு குறையும் இல்ல. என் ஈரல்தான் கெட்டுப்போச்சு. இனிமே குடிச்சா சாவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. எவனாவது ‘பாவம்’னு சொன்னீங்க, தெரியும் சேதி!”
அகுத்தி தலையில் அடித்துக்கொண்டாள்: “அன்னிக்கு நீங்க குடிக்கட்டும்னு நானே பார்த்துப் பார்த்துப் பானையில சுடுதண்ணி ஊத்தினேனே, பாவி மனுஷா!”

மார்ச் 24
ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இதுதான் கிடைக்கும். சொல்லியிருக்கவே கூடாது.

ஏப்ரல் 2
நாலு மணிக்கு ஓமோடிங் வந்தான். தொடர்ந்து ஐந்தாவது நாள். தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று அசேகெனேயிடம் சண்டை பிடித்தான். என் வேலி கோணல் என்றான். நான் அவன் மூக்கே கோணல் என்றேன். அவன் முற்றத்தில் இந்நேரம் பானையை வைத்திருப்பார்கள். போகவில்லையா என்று நான் கேட்கவில்லை. இன்னொரு குவளை ஊற்றச் சொன்னான்.