கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் ஒரு கடிதம்

மார்ச் 3, செவ்வாய்

நூலகத்தில் முப்பத்தோரு வருடம் அட்டவணை எழுதிய கை. எண் போடாமல் எதுவும் வராது. கவனிக்க வேண்டியவை:

1. என் மனைவிக்கு மருத்துவமனையிலிருந்து வந்த கடிதம்.
2. அதைப் பற்றி அவளிடம் பேசுவது.
3. அவளை அழைத்துப் போவது.
4. பயம் எனக்கு மட்டும்தான்.

நான்காவது ஒரு வேலையே அல்ல. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 4

கடிதம் சொல்வது இவ்வளவுதான்: ஐம்பது தாண்டிய பெண்கள், வலியோ கட்டியோ இல்லாவிட்டாலும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பகத்தைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். போன முறையும் வந்தது. "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

சமையலறை நாட்காட்டியைப் புரட்டினேன். தண்ணீர் வடிகட்டி மாற்றும் நாள், என் கண், என் பல், என் ரத்த அழுத்தம். அவளுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. என்ன மனிதன் நான்?

மார்ச் 6

சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் 'மார்பகம்' என்ற சொல்லை அவள் எதிரில் உச்சரித்ததில்லை. கடிதத்தை அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 7

கடிதம் என் மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் 8

என் தலையணைக்கு அடியில்.

மார்ச் 10

"என்னங்க, இந்தக் கடுதாசி வீட்டுக்குள்ளயே எத்தனை ஊர் சுத்தும்? வாயைத் திறந்து சொல்லுங்க, வர்றேன்."

"மார்பகப் பரிசோதனைக்குப் போகலாமா?" என்றேன், ஜன்னலைப் பார்த்து.

"ஜன்னலையா கூட்டிட்டுப் போறீங்க?"

அவள் பக்கம் திரும்பி மறுபடி சொன்னேன். கணக்கு டீச்சராக இருந்தவள். விடை சரியென்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்ச் 19

மருத்துவமனையில் அத்தனை பெண்களுக்கு நடுவே நான் ஒருவன், மடியில் அவள் கைப்பை. கால்மணி நேரத்தில் வந்துவிட்டாள். "ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு அமுக்குறாங்க. கொஞ்சம் வலிச்சுது. நீங்க ஊசிக்குப் போடுற சத்தத்துக்கு இதெல்லாம் ஒண்ணுமேயில்ல."

மார்ச் 26

இன்னொரு முறை வரச் சொல்கிறார்கள். மகளிடம் அவள்தான் போனில் பேசினாள். "ஒண்ணுமில்லடி, இன்னொரு படம். உங்கப்பாதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கார்."

ஏப்ரல் 2

ஊசியால் துளி சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம்.

ஏப்ரல் 9

புற்று. எழுதிவிட்டேன்.

பட்டாணி அளவு. டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "கையால தடவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்காதும்மா. சீக்கிரமே பிடிச்சிட்டோம். கட்டிய மட்டும் எடுத்துட்டு, அப்புறம் கதிர்வீச்சு."

போன முறையே நான் வாயைத் திறந்திருந்தால் — வேண்டாம்.

ஏப்ரல் 23

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புற்று வேறெங்கும் பரவவில்லை.

அவள் உள்ளே இருந்தபோது, கண்ணாடியை எடுத்துவைக்கக் கைப்பையைத் திறந்தேன். பக்கவாட்டு அறையில் அதே மருத்துவமனையின் கடிதம் ஒன்று, மடிப்பெல்லாம் நைந்து. தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தையது.

கேட்கவில்லை.

ஜூன் 11

கதிர்வீச்சு இன்றோடு முடிந்தது. வந்ததும் நாட்காட்டியில் அடுத்த பரிசோதனை நாளை அவளே எழுதினாள், கட்டம் கொள்ளாமல் பெரிதாக. அந்தத் தைரியத்தில் பழைய கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தாள். "ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனேங்க. ரெண்டு தடவ. உள்ள போகக் கால் வரல. உங்ககிட்ட சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க, தூங்க மாட்டீங்க. அதான் குத்துக்கல்லுன்னு சொன்னேன்."

"இந்தத் தடவ மட்டும்?"

"நீங்களே அந்த வார்த்தைய சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் எனக்கென்ன பயம்?"

நான்காவது குறிப்பு தவறு. 'எனக்கு மட்டும்தான்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'இருவருக்கும்' என்று எழுதியிருக்கிறேன்.