வள்ளம் ஏற்றின இடத்தில் ஒரு புள்ளி

இயேசு மரி சூசை துணை

தலைமன்னார்,
யூலை, சனிக்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் வேணுஜாவுக்கு அம்மா எழுதுவது,

உடம்பால் நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்துமணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்லுகிறேன். தம்பியும் சுகம், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்க வாசிக்க உனக்கு அந்தச் சந்தேகம் வரும். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லாமல் இதென்ன பழங்காலத்துப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், உடனே அவனுக்கு எடுப்பாய், அவன் எடுக்காவிட்டால் அவன் ஓடின வழியைக் காட்டுகிற அந்தப் படத்துக்குக் கீழே கோபத்தில் எதையாவது எழுதுவாய். உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியும். இங்கே யாருடைய போனை யார் பார்க்கிறார்கள் என்பதும் இப்போது தெரியாமல் இருக்கிறது. பேசாலை செபஸ்தியம்மா மகளின் பேறுகாலத்துக்கு உன் பக்கம் வருகிறா, உனக்கென்று கட்டின பாரைக் கருவாட்டுப் பொதிக்குள் பொலித்தீனில் சுற்றி இதை வைக்கப் போகிறேன். அவவுக்குக் கருவாடு மட்டும்தான் தெரியும். என்னடி மார்த்தா, இந்த நாத்தத்தோட போனால் எயார்போட்டில என்னைத்தான் மறிச்சு வைப்பாங்கள் எண்டு சொல்லிச் சிரித்துக்கொண்டு சம்மதித்திருக்கிறா.

போன நத்தாருக்கு நீ அனுப்பின பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் உனக்கு எல்லாம் ஒழுங்காக விளங்கும். அந்தக் கைமணிக்கூடும் ஓடுகிற சப்பாத்தும் வந்த பிறகு தம்பி வேறு ஆளாகிப் போனான் என்பது உண்மை. சோதனை எழுதிவிட்டு வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பிள்ளை, விடிய எழும்பி ஸ்ரேசன் றோட்டால் கப்பல் கட்டுகிற பழைய பாலம் வரைக்கும் போய் வடகடல் கரையால் ஓடி வந்தான். கொழும்பில் மரதன் ஓடப்போகிறேன் என்று பாணுக்கு நிற்கிற இடத்தில் எல்லாம் சொன்னான். நீ அங்கேயிருந்து அட்டவணை போட்டு அனுப்புவதும், அவன் ஓடின வழி சிவப்புக் கோடாக உன் போனில் விழுவதும், நீ அதற்குக் கீழே ஏசி எழுதுவதும், பாரிசிலும் கட்டாரிலும் இருக்கிற எங்கட பிள்ளைகள் எல்லாம் வந்து பகிடி விடுவதும் எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. நான் நூலகத்தில் வேலை முடித்து வந்தால் முதலில் அதைத்தான் வாசிப்பேன். யாரும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்தது ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான், மற்றவர்களுக்கும் அது திறந்திருக்கிறது என்று நம் யாருக்கும் படவில்லை.

உனக்கு நினைவிருக்கும், பெரிய நோன்பு முடிந்த கையோடு ஒரு நாள் அவன் வடகடல் கரையில் நின்றுவிட்டான். நின்ற இடத்தில் மணிக்கூடு தானாக ஒரு புள்ளி போட்டது. நீ கீழே எழுதினாய், டேய் ஏன் இதில இவ்வளவு நேரம் நிண்டனீ, ஆரோட கதை எண்டு. அவன் எழுதினான், கிறகரி அங்கிளிட வள்ளம் ஏத்தினவை, கை குடுத்தனான், செம பாரம் அக்கா எண்டு. பாரிசிலிருந்து யாரோ வள்ளத்துக்குள்ள திமிங்கிலமோ எண்டு கேட்டு, நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வள்ளத்தைத் தள்ளிக் கரையில் ஏற்றுகிறவர்களைக் கண்டால் கை கொடுக்காமல் தாண்டக்கூடாது என்று நீங்கள் நடை பழகின நாளிலிருந்து கேட்டு வளர்ந்தீர்கள், பூசைக்கு வெள்ளைச் சேட்டோடு போகிறவனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்துவிட்டுத்தான் போவான், பகையாளியின் வள்ளம் என்றாலும் அதுதான் முறை. ஓடுகிறேன், மணிக்கூடு நேரம் எண்ணுகிறது என்று தம்பி தாண்டிப் போயிருந்தால் கரை அவனைப் பழித்திருக்கும். அவன் தாண்டவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அது வெறும் வள்ளத்திட பாரம் இல்லையம்மா, வலைக்குக் கீழ சாக்கு இருந்தது எண்டு மெதுவாகச் சொன்னான். சாக்கில் என்ன என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கரையில் அதைக் கேட்பதில்லை. அதன் பிறகு கொஞ்ச நாளில், சரியாக அந்தப் புள்ளி விழுந்த இடத்தில், நேவி வந்து காத்திருந்து கிறகரியின் வள்ளத்தையும் அதில் வந்த மூன்று பேரையும் பிடித்தது. அவருடைய மச்சான் இன்னும் மறியலில் கம்பிக்குள் இருக்கிறார். படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களோ, வேறு யாரும் சொன்னார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். உன்னில் பிழையென்று நான் எழுதவில்லை மகள், நீ தம்பி ஏன் நின்றான் என்று கேட்டாய், அக்கா அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியும் பதிலும் வாசித்தவர்கள் நாம் நினைத்ததை விடக் கூட.

ஒரு பின்னேரம் கிறகரி வீட்டுக்கு வந்தார். தம்பியை ஞானஸ்நானத் தொட்டியடியில் கையில் ஏந்தின ஞானத்தகப்பன், வந்தால் குசினி வரைக்கும் வருகிறவர், அன்றைக்கு விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். எங்க என்ர ஞானப்பிள்ளை, அந்த மணிக்கூட்டை ஒருக்காத் தாவன் பாப்பம் எண்டு கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது மணி மட்டுமோ காட்டும், ஆளையும் காட்டுமோ எண்டு கேட்டார். இந்த விசரன் வலு சந்தோசமாகப் போனைத் திறந்து கோடு, புள்ளி, நெஞ்சு அடிக்கிற கணக்கு எல்லாம் காட்டி விளக்கம் சொன்னான், நான் வாசலில் நின்று கண்ணைக் காட்டியும் அவனுக்கு விளங்கவில்லை. கிறகரி சிரித்தார். கடலுக்குப் போற எங்களுக்கு ஒண்டும் தெரியாது தம்பி, கனடாவில இருக்கிற உன்ர கொக்கா வேணுஜாவுக்கு என்ர வள்ளம் ஏத்தின இடம் தெரிஞ்சிருக்கு எண்டார். நான் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். படலையடியில் அப்பாவின் தோளில் கை போட்டு, நான் இவனைத் தூக்கினவன், என்னால இவனுக்கு ஒண்டும் வராது, ஆனா எனக்கு மேல இருக்கிறவங்கள் இவனைத் தூக்கினதில்லை எண்டு சொல்லிவிட்டுப் போனார். வெருட்டினாரா, காப்பாற்றப் பார்த்தாரா என்று அப்பா இன்றுவரைக்கும் முடிவு சொல்லமாட்டேன் என்கிறார். அடுத்த நாள் அப்பாவின் வள்ளம் கரைக்கு வந்தபோது மீன் வாடியடியில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. ஒரு கை தாங்கோவன் எண்டு அப்பா ஒரு தரம் கூப்பிட்டார். ஊசி போய் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் தரம் அவர் கூப்பிடவில்லை. நான் போய்ச் சீலையைச் செருகிக்கொண்டு தள்ளினேன், அவர்கள் நாங்கள் படுகிற பாட்டைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிழமைதான் தம்பியின் ஓட்டங்களைப் பார்க்கிறவர்களுக்குள் படமில்லாத ஒருவர் வந்து சேர்ந்தார், பெயர் என்று இரண்டு எழுத்து மட்டும். அவன் ஓடி முடித்த உடனே அந்த ஆள் படத்துக்குக் கீழே கை தட்டுகிற குறியைப் போட்டுவிட்டுப் போவார். தம்பிக்கு ஒரு ரசிகை பிடிச்சிட்டுது எண்டு நீ எழுதினாய். நம்மவர் எல்லோரையும் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டேன், அது யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

வேணுஜா, இனி எழுதுவதை இருந்து வாசி. கொஞ்சக் கிழமையாக நீ படத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் தம்பி இல்லை, நான். ரெயினில் போனால் ஏறுகிறவனை முழுத் தலைமன்னாரும் பார்க்கும் என்று, மீன் ஏற்றுகிற கூலர் வாகனத்தில் ஐஸ் பெட்டிகளோடு அப்பா அவனை அனுப்பிவிட்டார். எங்கே என்று இதில் எழுதமாட்டேன். மணிக்கூட்டையும் போனையும் விட்டுவிட்டுத்தான் போனான். படத்தை மூடிவிடுவோமா என்று நான் கேட்க, மூடினால் ஒளிச்சிட்டான் எண்டு தேடத் தொடங்குவாங்கள், அவன் இங்கதான் ஓடுறான் எண்டு அவங்கள் நினைக்கட்டும் எண்டு அப்பா சொன்னார். அதனால் இருள் கலைய முதல் அவனுடைய நீளக்கைச் சேட்டையும் தொப்பியையும் போட்டு, சோளகக் காற்று அள்ளுகிற மண்ணுக்கு எல்லோரும் கட்டுவது போல முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு, கரைப்பக்கம் போகாமல் தண்டவாளத்து ஓரமாக நான் போய் வருகிறேன். உயரத்தில் நானும் அவனும் ஒன்றுதானே. ஏன் இப்பிடி ஆமை மாதிரி, நெஞ்சு ஏன் இந்த அடி அடிக்குது, இரவிரவாப் படம் பாக்கிறியோ, நித்திரை கொள்ளுறேல்லையோ எண்டெல்லாம் நீ கேட்டதற்கு ஓம் அக்கா, நாளைக்குப் பார் அக்கா என்று பதில் போட்டதும் நான்தான். உன் மணிக்கூடு அவனுக்கு உடம்பு வயது நாற்பத்திரண்டு என்று காட்டுகிறது, அது ஒன்றுதான் இந்த வீட்டில் உண்மை சொல்லுகிறது. பயம் வந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும் என்று எத்தனை புத்தகத்தில் வாசித்திருப்பேன். அப்படியில்லை பிள்ளை. ஓடும்போதுதான் அடிக்கிறது. வீட்டில் படலைச் சத்தத்துக்குக் காது கொடுத்து இருக்கும்போது பார்த்தால் மெதுவாக, நித்திரையில் இருக்கிறவளுடையது போல ஓடுகிறது.

இப்போது உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவன் கொழும்பு மரதனை விடமாட்டேன் என்று நிற்கிறான். போகும்போதும், களவெடுத்தவன் மாதிரி நான் ஏன் அம்மா ஒளிக்கவேணும், அத்தனை சனத்துக்குள்ள ஆர் என்னைக் கண்டுபிடிக்கப் போறாங்கள் எண்டு சொல்லிவிட்டுத்தான் போனான். சனத்துக்குள்தான் கண்டுபிடிப்பார்கள். அவன் பெயரும் இலக்கமும் எல்லோரும் பார்க்கப் போடுவார்கள், நெஞ்சில் குத்துகிற இலக்கத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சிப் அவன் எந்த இடத்தை எப்போது தாண்டுகிறான் என்று உலகத்துக்கெல்லாம் சொல்லும் என்று நீதானே பெருமையாக எனக்கு விளக்கம் தந்தாய். அவனைப் பதிந்தது நீ, உன் மின்னஞ்சலால். அந்தப் பெயரை நீதான் எடுக்கவேண்டும். இதை வாசித்த கையோடு எடு, அவனிடம் கேட்டுவிட்டு எடுக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் தெரியாத இலக்கத்திலிருந்து உனக்கு எடுப்பான், அப்போது சொல்லு. கத்துவான். இவ்வளவு மாசமும் உன்ர சொல்லுக்கு ஓடினனான் என்பான், உன்னோடு கதைக்காமலும் விடுவான். விடட்டும். அவனுக்கு உன்னில் உள்ள கோபத்தை அவன் கிழவனாகும் மட்டும் வைத்திருக்கட்டும், நான் அதைக் கர்த்தரிடம் கேட்டு வாங்குகிறேன். பாஸ்போட் கைக்கு வரும் மட்டும் அவன் யாருடைய கண்ணிலும் படக்கூடாது, அதுவரைக்கும் நான் ஓடுவேன்.

நேற்று நடந்ததையும் எழுதத்தான் வேண்டும், அவசரம் ஏன் என்று உனக்கு விளங்கவேண்டும். விடிய முதல் தண்டவாளத்து ஓரம் போய்க்கொண்டிருந்தேன், காற்று மண்ணை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், விளக்குப் போடாமல், என் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு வந்தது. தாண்டும் என்று ஒதுங்கினேன், தாண்டவில்லை. கொஞ்சத் தூரம் அப்படியே வந்த பிறகு ஒரு ஆள் மரியாதையாகத்தான் கேட்டான், என்ன தம்பி, கொஞ்ச நாளா மெதுவாத்தான் ஓடுறீர் எண்டு. நான் மெதுவாக ஓடுவது போனில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பினால் முகம், வாயைத் திறந்தால் குரல். நான் ஓடினேன் பிள்ளை. இவ்வளவு நாளும் நான் ஓடியது ஓட்டம் இல்லை, நேற்றுத்தான் ஓடினேன், ஸ்ரேசன் வெளிச்சம் தெரியும் மட்டும் ஓடினேன். மோட்டார் சைக்கிள் அவசரப்படவில்லை. வெளிச்சத்தடியில் திரும்பிப் போனது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சத்தி எடுத்து வாயைக் கழுவிவிட்டு இருக்கும்போது தம்பியின் போன் அதிர்ந்தது. இப்பதான்ரா என்ர தம்பி, இவ்வளவு நாளும் எங்க போயிருந்தனீ எண்டு நீ எழுதியிருந்தாய். உனக்கு முன்பே அந்த இரண்டெழுத்து ஆள் கை தட்டியிருந்தார்.

நாளைக்கு ஞாயிறு, உன் அட்டவணையில் ஓய்வு. திங்கள் விடிய நான் வழமை போலப் போவேன். நீயும் வழமை போல எழுது, ஏசு, பகிடி விடு, அம்மா என்று மட்டும் தவறியும் எழுதிவிடாதே. கோடு பாதி வழியில் நின்று அன்று முழுக்க அசையாமல் இருந்தால் இந்தப் போனுக்கு எடுக்காதே, அப்பாவுக்கும் எடுக்காதே, நேரே பங்குச் சுவாமிக்கு எடு. அங்கே குளிர் தொடங்க முதல் உடம்பைப் பார்த்துக்கொள், நீ ஓடுகிற பாதையையும் எல்லோருக்கும் திறந்து வைக்காதே. மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும், நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். அப்பாவும் தன் ஆசீரைச் சொல்லச் சொன்னார், பக்கத்தில் நின்று, பெயரை எடுக்கச் சொல்லி எழுதினனீயோ எண்டு திரும்பத் திரும்பக் கேட்கிறார். எழுதிவிட்டேன். எடுத்துவிடு மகள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
மார்த்தா