தேசம்மா வேண்டாமென்ற காட்சி

ராயப்பேட்டை
6 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெனி,

வாட்ஸ்அப்பில் எழுதினால் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவாய். அதனால்தான் மெயிலில் முழுசாக ஒரு கடிதம். நீ மஸ்கட்டில் ஏசியில் உட்கார்ந்து கிரிக்கெட் வீடியோத் துண்டுகளை வெட்டிக்கொண்டிருக்கிறாய். நான் நந்தனத்தில் ஒரு பெரிய ஹோட்டலில், சர்வதேசத் திரைச் சந்தை என்ற பெயரில் நடக்கும் கண்றாவிக்கு நடுவே நான்கு நாள் நின்றாக வேண்டும்.

எல்லார் கழுத்திலும் ஓர் அட்டை. பச்சை என்றால் வாங்குபவர், நீலம் என்றால் விற்பவர். பேச வருகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை, அட்டையைப் பார்க்கிறான். நீலம் என்று தெரிந்ததும் அவன் கண் நமக்குப் பின்னால் யாரையோ தேடப் போய்விடுகிறது. ஒரு சந்திப்புக்குப் பன்னிரண்டு நிமிடம், அப்புறம் மணி அடிக்கிறார்கள். சீரியல்காரர்கள் கதையே சொல்வதில்லை, "நாலாயிரம் மணி நேரம் ஸ்டாக் கீது சார்" என்கிறார்கள். பக்கத்து ஸ்டால் டிவியில் நம்மூர் நடிகை ஒருத்தி, கம்ப்யூட்டர் டப்பிங் செய்த இயந்திரக் குரலில் ஸ்பானிஷில் அழுகிறாள். வாய் ஒரு பக்கம் போகிறது, அழுகை இன்னொரு பக்கம் போகிறது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

உன் அம்மா தேசம்மாவைப் பற்றி நாம் நான்கு வருடம் எடுத்த எழுபத்து நான்கு நிமிடப் படத்தை விற்றுத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் ஜீஷானும் இந்தச் சாக்கடையில்தான் நீந்துகிறான். ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி வஜீஹா, இந்தம்மா எங்கயுமே அழ மாட்டாங்களா?" என்றான். மாட்டாங்க என்றேன்.

காலையில் போகிற வழியில் பட்டினப்பாக்கத்தில் அம்மாவின் மீன் கடையில் இறங்கினேன். அம்மா காரில் வந்த பெண்களிடம் "மேடம், மேடம்" என்று வஞ்சிரத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, இப்டி எளைச்சிப் பூட்டே" என்று, நான் கேட்காமலே இரண்டு சங்கராவை ஆய்ந்து என் பையில் போட்டார். இன்று நான் பார்த்த சுத்தமான வியாபாரம் அது ஒன்றுதான்.

உன்
வஜீஹா


மஸ்கட்
7 பிப்ரவரி 2025

அன்பு வஜீ,

உன் கடிதத்தைப் படித்து ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் இன்னும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். இப்படி எழுதத் தெரிந்தவள் ஏன் மாதத்துக்கு ஒரு முறை பிரியாணி படம் மட்டும் அனுப்புகிறாய்?

ஜீஷானிடம் நம் ஏற்பாட்டைச் சொல்லிவிடு. நான்கு வருடமும் எடுத்த ஒவ்வொரு காட்சியையும் கடைக்குக் கொண்டுபோய் உன் போனில் அம்மாவுக்குக் காட்டினோம். "கெடக்கட்டும்" என்றால் படத்தில் இருக்கும், "வோணாம்" என்றால் அழித்துவிட வேண்டும். அவள் வேண்டாமென்றது ஒன்றே ஒன்று. கடையைத் தூக்க மாநகராட்சி ஜீப்பில் வந்தவனின் காலில் அவள் விழுந்த காட்சி. "உங்கப்பன் செத்தப்பகூட நான் எவன் கால்லயும் வியல. அன்னிக்கி வியுந்துட்டேன். அத்த யாரும் பாக்க வோணாம்" என்றாள். நல்லவேளை, நீ அன்றைக்கே அழித்துவிட்டாய்.

எனக்கு ஓர் ஆசை. அம்மாவை ஒரு நாள் அங்கே அழைத்துப்போயேன். நாற்பது வருஷமாகச் சந்தையில் தரையில் உட்கார்ந்தவள், ஒரு சந்தைக்கு விருந்தாளியாகப் போகட்டும். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய ஊதாப் புடவை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

ஜெனி


ராயப்பேட்டை
7 பிப்ரவரி 2025

ஜெனிக் கண்ணு,

அவசரமாக எழுதுகிறேன். ஒரு வெளிநாட்டு சேனல் அம்மையார், பச்சை அட்டை, மணி அடித்த பிறகும் நம் மேஜையை விட்டு எழவில்லை. படம் பிடித்திருக்கிறதாம், இன்னும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டுமாம். அவருக்காகப் புதிதாக மூன்று நிமிடத் துண்டு ஒன்று வெட்டுகிறேன் என்றான் ஜீஷான். ஹார்ட் டிஸ்கையே அவனிடம் கொடுத்துவிட்டேன், எனக்கு உட்கார நேரமில்லை.

அம்மாவை அழைத்து வரலாமா என்று கேட்டேன், துள்ளிக் குதித்தான். நாளைக்குக் கார் அனுப்புகிறான், ஸ்டாலையும் அழகுபடுத்தப் போகிறானாம். ஊதாப் புடவை கட்டச் சொல்லிவிட்டேன். நேற்று எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. பழகினால் இவர்கள் அவ்வளவு மோசமில்லை.

வஜீ


மஸ்கட்
9 பிப்ரவரி 2025

வஜீஹா,

அம்மா போன் செய்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

வாசலில் அவள் கழுத்தில் மஞ்சள் அட்டை மாட்டினார்களாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே காவலுக்கு நின்ற எங்கள் தெரு சக்திவேலிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். 'ஸ்டால் டிஸ்ப்ளே' என்று படித்துவிட்டு, அது ஆளுக்குப் போடுகிற அட்டை இல்லை, ஸ்டாலில் வைக்கும் சாமானுக்குப் போடுவது என்று அவரே சொல்லியிருக்கிறார். தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து அம்மா உள்ளே போயிருக்கிறாள்.

உள்ளே கார்ப்பெட் மேல் மணல் கொட்டி, அலுமினியக் கூடையில் ரப்பர் மீன் வைத்திருந்தார்களாம். ஊதாப் புடவை புதுசாகத் தெரிகிறது என்று ஜீஷான் ஒரு கிழிந்த புடவையைக் கொடுத்து, கழிவறையில் மாற்றிக்கொண்டு வரச் சொன்னானாம். எதிர் மேஜையில் அந்த அம்மையாருடன் உட்கார்ந்திருந்த நீ கையாட்டி, "கொஞ்ச நேரம்தாம்மா" என்றாயாம். நீ சொன்னதால் மாற்றிக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் அவள் தலைக்கு மேலே பார்ப்பது, பிறகு அவளைப் பார்ப்பது, போட்டோ எடுப்பது. என்னவென்று திரும்பிப் பார்த்தால், டிவியில் அவள் ஜீப்காரன் காலில் விழுகிறாள். முடிந்ததும் மறுபடி விழுகிறாள்.

"நான் ஒர்தபாதான் வியுந்தேன் ஜெனி. அவுங்கோ நாள் பூரா என்ன வியுந்துகினே இருக்க வெச்சாங்கோ" என்றாள்.

அப்போது நீ எங்கே என்று கேட்டேன். "எதிர்லதான் இருந்துச்சி. பாத்துகினுதான் இருந்துச்சி."

அழித்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னாய். பதினான்கு மாதம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். எனக்கு ஜீஷான் மேல் கோபமே வரவில்லை, அவன் யாரென்று முதல் நாளே தெரியும். உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எவ்வளவு அழகாகக் குமட்டியிருக்கிறாய். உன்னை நினைத்தால் எனக்கு இப்போது அப்படித்தான் வருகிறது.

இனி எனக்கு எழுதாதே. சொல்ல வேண்டியதை அவளிடம் போய்ச் சொல்.

ஜெனிதா


ராயப்பேட்டை
14 பிப்ரவரி 2025

ஜெனிதா,

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நான் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அதுதான். அழிக்க மனம் வரவில்லை. பிறகொரு நாள் யாராவது கேட்பார்கள் என்ற நினைப்பும் இருந்தது. அன்று டிவியில் அது ஓடியபோது முதலில் எனக்குத் தோன்றியது, கேமரா ஆடவே இல்லை என்பதுதான். அதற்கப்புறம்தான் கீழே உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். பார்த்த பிறகும், அம்மையார் பேசி முடிக்கட்டும் என்று எழாமல் இருந்தேன்.

அந்தக் காட்சியைத் தர முடியாது என்று மறுநாள் சொன்னேன். அப்படியானால் படம் வேண்டாம் என்று அம்மையார் எழுந்து போனார். ஜீஷான் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தான். அவனிடம் இருந்த பிரதியை அழித்துவிட்டதாகச் சொன்னான். நான் உன்னிடம் சொன்ன அதே குரலில் சொன்னான்.

இன்று காலை லேப்டாப்பையும் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அம்மா கண் முன்னாலேயே அழித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். லேப்டாப்பைத் திறந்து, "அம்மா, இதப் பாருங்க" என்றேன். அவர் பார்க்கவில்லை. கத்தியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு?" என்றார். நானே அழித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிச்சிடுங்கம்மா என்றேன், அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அவர் ஈக்களை விரட்டிவிட்டு, பலகையில் இருந்த மீனை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். முகத்தில் கோபமே இல்லை.

"இன்னா வோணும் மேடம், சங்கராவா, வஞ்சிரமா?" என்றார்.

வஜீஹா